ஈயம் பொறுக்கிய சனிக்கிழமை

வாசல் மணி அடித்தது. திறந்தால் மருமகன் ஐரிக். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"மாமா, நான் சுட்டனான்" என்றான் தமிழில்.

அவனுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். அதில் பாதி சாப்பாட்டுச் சொற்கள். ஆகவே நான், "என்னத்தை, தோசையையோ?" என்று கேட்டேன்.

அவன் மூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டினான். உள்ளே தோலுரித்த ஒரு பறவை கிடந்தது. கோழி என்று சொல்ல முடியாத அளவு பெரிது. இறைச்சி ஈரல் போலக் கறுத்துச் சிவந்திருந்தது. இரத்த வாடையை எதிர்பார்த்துக் குனிந்தேன். வந்தது பைன் மரப்பட்டையைக் கீறினால் வருமே, அந்த மணம்.

நாங்கள் இருக்கும் ரொம்மனில் மரங்கள் இலையெல்லாம் கொட்டி முடித்திருந்த காலம். எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் உள்ள புல்வெளி மத்தியானம் வரைக்கும் உறைபனியில் வெள்ளையாகவே கிடக்கும். எந்த வருடம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமையின் வெளிச்சம் எப்படி இருந்தது என்று கேட்டால் உடனே சொல்வேன். குசினி ஜன்னலால் சரிந்து வந்து, மேசையில் பாதியில் நின்றுவிட்ட மஞ்சள் வெளிச்சம்.

ஐரிக்கின் தாய் தகப்பன் துரொண்ட்ஹெய்முக்கு அப்பால் காட்டோரம் இருக்கிறார்கள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவன் தகப்பனோடு வேட்டைக்குப் போவான். பல வருடம் வெறுங்கையோடு வந்தவன். அந்த முறைதான் அவனுக்கு முதல் தியூர் கிடைத்தது. தியூர் என்பது இங்கத்தைய காட்டுப் பறவைகளில் பெரியது. குளிர்காலம் முழுக்கப் பைன் இலையைத் தின்றே உயிர் வாழும். தமிழில் அதற்குப் பெயர் இல்லை. என் மனைவி நேசம் அதற்கு வைத்த பெயர் காட்டு வான்கோழி. எங்கள் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

நேசம் அப்போது வீட்டில் இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு அவள்தான் ஆசிரியை.

"ஆரணி எங்கை?" என்று மகளைப் பற்றிக் கேட்டேன்.

"பின்னேரம் வருவாள். தலையிடி எண்டு படுத்திருக்கிறாள். இந்த மணம் அவளுக்கு ஒத்துவரேல்லை. அதுதான் இஞ்சை கொண்டு வந்தனான். மாமி கறி வைப்பாதானே?"

இதை அவன் நோர்வே மொழியில்தான் சொன்னான். நானும் அவனும் கதைப்பது அந்த மொழியில். இங்கே அதை எங்கள் வீட்டுத் தமிழில் மாற்றித் தருகிறேன். இரண்டு சொற்களை மட்டும் அவன் எப்போதும் தமிழில் சொல்வான்: மாமா, மாமி.

ஹாகல்

பெட்டியை இறக்கியதும் ஐரிக் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான்.

"மாமா, இதுக்குள்ளை ஹாகல் இருக்கு. சமைக்க முன்னம் எல்லாத்தையும் எடுக்கோணும்."

வேட்டைத் துவக்கால் சுடும்போது ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் சிதறிப் பாயும். அதற்கு நோர்வே மொழியில் ஹாகல் என்று பெயர். வானத்திலிருந்து விழும் ஆலங்கட்டிக்கும் இவர்களிடம் அதே சொல்தான்.

எங்களிடம் அதற்கு நல்ல சொல் இருக்கிறது. சன்னம். ஆனால் நேசத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது. அவள் திருகோணமலைக்காரி. அந்தச் சொல்லை வானொலிச் செய்தியில் எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு, எந்த ஊர், எவர் வீடு என்று காதைத் தீட்டி இருந்தவள். "சமையல் அறைக்குள்ளை அந்தச் சொல் வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னாள். அதனால் எங்கள் வீட்டிலும் ஹாகல்.

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் வளர்ந்தவன். அங்கே கட்டுத்துவக்குக்காரர்கள் காட்டுப் பன்றி அடித்துவந்து பங்கு போடுவார்கள். சாப்பிடும்போது யாராவது ஒருவரின் வாயில் "கடக்" என்று கேட்கும். அவர் அதைத் துப்பி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஈயம் கெடுதல் என்று அங்கே யாரும் கதைத்து நான் கேட்டதில்லை.

ஆகவே நான் சாவகாசமாகத்தான் தொடங்கினேன். பெரிய சட்டியில் உப்புத் தண்ணீர் நிறைத்துப் பறவையை அமிழ்த்தி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் உறைந்த இரத்தம் கரைந்து, துளைகள் தெரியத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஊசியால் குத்தியது போல, சுற்றிலும் கருநீலமாய்க் கன்றிப்போய்.

"இஞ்சை பாருங்கோ" என்று ஐரிக் ஒரு துளையைக் காட்டினான். அதன் வாயில் ஒரு இறகுத் துணுக்கு நூல் போல ஒட்டிக்கொண்டு நின்றது. குண்டு உள்ளே போகும்போது இறகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம். அந்த இறகைப் பிடித்துக்கொண்டே போனால், அது முடிகிற இடத்தில் குண்டு இருக்கும்.

இறகைப் பிடிக்க எங்கள் விரல்கள் தடித்தவை. நேசம் புருவம் திருத்துகிற சாவணத்தை அலுமாரியிலிருந்து எடுத்துவந்தேன். அவளிடம் கேட்காமல்தான். முதல் குண்டு வெளியே வந்தது. மிளகில் பாதி இருக்கும். சில்வர் பேணிக்குள் போட்டேன். டிங் என்றது.

வெளிச்ச மேசை

சென்ற கிழமை இதழில் இதே பக்கத்தில் வடக்கு நோர்வேயின் மீன் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த புதிதில் எங்களில் பலர் அங்கேதான் வேலைக்கு நின்றோம். அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வெளிச்ச மேசை.

மேசையின் மேற்பரப்பு வெள்ளைக் கண்ணாடி. கீழே விளக்கு எரியும். உரித்த மீன் துண்டை அதன்மேல் விரித்தால், தப்பிப்போன முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த துண்டைப் போடுவோம். வெளியே பகலே இல்லாத மாதங்களில் எனக்குக் கிடைத்த சூரியன் அந்த மேசைதான். கை விறைத்தால் கண்ணாடியில் வைத்துச் சூடு பிடிப்பேன்.

அந்த ஞாபகத்தில் ஐரிக்கிடம் வீரமாகச் சொன்னேன்: "பொறு, இதுக்கு ஒரு வழி இருக்கு." மேசை விளக்கைக் கொண்டுவந்து நெஞ்சு இறைச்சித் துண்டு ஒன்றை அதன் முன்னால் பிடித்தேன். ஒன்றுமே தெரியவில்லை. தொழிற்சாலையில் பார்த்த கொட் மீன் கண்ணாடி மாதிரி. இதுவோ கம்பளி மாதிரி. வெளிச்சம் உள்ளே போகவே இல்லை.

தோல்வியை ஒத்துக்கொள்ளாமல், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி இறைச்சியின் மேல் ஓட்டினேன்.

"மாமா, அது இரும்புக் குண்டெண்டால் பிடிக்கும். இது அப்பாவின்ரை பழைய தோட்டா. ஈயம்" என்றான் ஐரிக்.

கடைசியில் விரல்கள்தான். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கிடையில் வைத்து அரிசியில் கல் பார்ப்பது போல உருட்டி உருட்டிப் பார்த்தோம். டிங். கொஞ்ச நேரம் சத்தமில்லை. டிங்.

அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. எதிரெதிரே இரண்டு ஆண்கள். கதைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவன் எங்கள் குடும்பத்துக்குள் வந்து சில வருடம் ஆகியும், நாங்கள் இரண்டு பேரும் தனியாக அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான்.

ஆனால் போகப்போக ஒன்றைக் கவனித்தேன். நான் பார்த்து முடித்துவைத்த துண்டுகளை ஐரிக் மறுபடியும் எடுத்துப் பார்த்தான். தான் பார்த்ததையும் திரும்ப எடுத்தான். கன்றிய இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எறிந்தான். நல்ல இறைச்சி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஐரிக், இப்பிடி வெட்டினால் கறிக்கு எலும்புதான் மிஞ்சும்."

"ஈயம் உள்ளை தூளா உடைஞ்சு போயிருக்கும் மாமா. கண்ணுக்குத் தெரியாது."

"சின்ன வயசிலை நான் விழுங்கின ஈயத்துக்கு, இப்ப என்னைக் கடலிலை போட்டால் நங்கூரம் மாதிரி நேரே கீழை போவன்."

வழக்கமாக என் பகிடிக்கு அவன் சிரிப்பான். விளங்காவிட்டாலும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, முதுகுப் பையிலிருந்து ஒரு கோழிப் பொதியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது ஆரணிக்கு. வேறை சட்டியிலை சமைக்கோணும் மாமா. கரண்டியும் வேறை. இந்தப் பலகையிலை வெட்ட வேண்டாம்."

"ஏன்? போன வருஷம் உன்ரை அப்பா தந்துவிட்ட காட்டுப் பறவையின்ரை எலும்பைக்கூட அவள் விடேல்லையே."

"இப்ப… சாப்பிடுறேல்லை."

இந்த நாட்டுக்காரரின் தோல் எதையும் மறைக்காது. கழுத்திலிருந்து காது மடல் வரைக்கும் சிவப்பு ஏறியது. "கத்தியைக் காருக்குள்ளை விட்டிட்டன்" என்று சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

கத்தி அவனுக்கு முன்னால் மேசையில்தான் கிடந்தது.

ஒரு சிறு தேடல்

நான் கையைத் துடைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தேன். ஈயம், வேட்டை இறைச்சி என்று இரண்டு சொல் போட்டேன். முதலில் வந்ததே போதுமாக இருந்தது. ஈயக் குண்டால் சுட்ட இறைச்சியைச் சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடாமல் விடுவது நல்லது என்று போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் சிறுபிள்ளைகள் இல்லை.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். சில்வர் பேணியைப் பார்த்தேன். ஒரு பிடி கடுகு மாதிரிக் கிடந்தது ஈயம். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் முதலில் வந்தது பயம். அதற்குக் காரணம் உண்டு.

நேசத்தின் தொலைபேசி

முன்னரும் ஒருமுறை ஆரணி உண்டாகியிருந்தாள். தெரிந்த அன்றைக்கே ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். நேசம் அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். திருகோணமலையில் இருக்கும் அக்காவுக்கு, ரொறொன்ரோவுக்கு, லண்டனுக்கு, ஸ்தவாங்கரில் இருக்கும் மச்சாளுக்கு. தொலைபேசி சூடாகிக் காது சிவக்கும் வரைக்கும் கதைத்தாள்.

அவளை வம்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். யுத்த காலத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அவள் என்னைத்தான் எடுக்கச் சொல்வாள். அத்தனை வருடம் அதில் வந்ததெல்லாம் சாவீட்டுச் செய்தி. அதனால் ஒரு நல்ல செய்தி கைக்கு வந்தால் அதை அள்ளி அள்ளி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் அவளுக்கு. சொல்லாத சந்தோஷம் அவளுக்குப் பாதிச் சந்தோஷம்தான்.

சில கிழமைகளில் அந்தப் பிள்ளை தங்கவில்லை.

சொன்ன எல்லோருக்கும் இதையும் சொல்ல வேண்டி வந்தது. நேசம் சிலருக்குச் சொன்னாள். சிலருக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்தவாங்கர் மச்சாள் விடுபட்டுப் போனாள். மாதங்கள் கழித்து அவள் நேரே ஆரணிக்கே அழைத்து, "இப்ப வயிறு நல்லாத் தெரியுமே பிள்ளை? ஒரு படம் அனுப்பு" என்று கேட்டிருக்கிறாள். ஆரணி அப்போது வேலையிடத்தில், நாலு பேருக்கு நடுவில்.

அன்று பின்னேரம் எங்கள் மாடிப்படியில் நின்று மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பா, எனக்கு அம்மாவிலை கோவம் இல்லை. ஆனால் இனி நான் அம்மாட்டை ஒண்டும் சொல்ல மாட்டன்."

எனக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குப் பின்னால் நேசம் நின்றாள். அது மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் ஆரணி வந்தாள், சாப்பிட்டாள், சிரித்தாள். வேலையைப் பற்றிக் கதைத்தாள், ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைத்தாள். தாயும் மகளும் கதைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் இரண்டு பேரும் மெல்லிய பனிக்கட்டியின் மேல் நடப்பவர்கள் போல, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் கதைத்தார்கள்.

புதுச் சட்டி

ஐரிக் வெறுங்கையோடு திரும்பி வந்தான். மேசையில் கத்தியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

நான் மேல் அலுமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன். உள்ளே பிரிக்காத புதுச் சட்டி. யாருக்கோ திருமணப் பரிசாகக் கொடுக்க நேசம் வாங்கி வைத்திருந்தது. நாடாவை வெட்டி, சட்டியை வெளியே எடுத்து, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, கோழிப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதிலை இதுவரைக்கும் ஒண்டும் சமைச்சதில்லை" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"மாமா, நான் ஒண்டும் சொல்லேல்லை."

"நானும் ஒண்டும் கேக்கேல்லை."

"அவள் பயப்பிடுறாள். நானும் பயப்பிடுறன். ஒவ்வொரு நாளும் எழும்பினவுடனை பயம்தான் முதல் வருது. ஆபத்தான காலம் கடக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருக்கிறம். மாமிக்கு…"

"சொல்ல மாட்டன்."

எனக்கு அவனைத் தோளில் தட்ட வேண்டும் போலிருந்தது. கை முழுக்க இறைச்சி ஈரம். முழங்கையால் அவன் முழங்கையை இடித்தேன். அவனும் இடித்தான். மறுபடி உட்கார்ந்து, பார்த்து முடித்த துண்டுகளையெல்லாம் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். இந்தமுறை நான் அவனைவிட அகலமாக வெட்டி எறிந்தேன்.

சாப்பாட்டு மேசை

நேசம் வந்தாள். மேல்சட்டையைக் கழற்றாமலே குசினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவளுடைய சாவணம், பேணியில் ஈயம், குப்பையில் அரைவாசி இறைச்சி, அடுப்பில் புதுச் சட்டிக்குள் கோழி.

"ஏன் ரெண்டு கறி?"

"கோழியும் இருக்கட்டுமெண்டு. இந்த இறைச்சி இறுக்கமா இருந்தாலும்" என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாக அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ம்" என்றாள். அவ்வளவுதான். கைகழுவிவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினாள்.

காட்டு வான்கோழிக்கு வறுத்த தூள் தூக்கலாகப் போட்டாள். ரம்பை இலை, கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பால். பைன் மணம் அப்போதும் போகவில்லை. எங்கள் தூளின் வாசனைக்குள் எங்கேயோ ஒரு நோர்வேக் காடு நின்றுகொண்டிருந்தது.

ஆரணி வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது. தலையிடி சுகமா என்று கேட்டேன், ஓம் என்றாள். எல்லோரும் உட்கார்ந்தோம். நேசம் தியூர்க் கறிச் சட்டியோடு சுற்றிவந்தாள். எனக்குப் போட்டாள். ஐரிக்குக்குப் போட்டாள். கரண்டி ஆரணியின் பக்கம் திரும்பியது. ஐரிக்கின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன்.

நேசம் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். போய் மற்றச் சட்டியை எடுத்துவந்து, வேறு கரண்டியால் கோழிக்கால் ஒன்றை மகளின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

"காட்டு வான்கோழி சரியான உறைப்பு, பிள்ளை. தலையிடிக்கு ஆகாது" என்றாள்.

தற்செயல் என்று நினைத்தேன். தப்பியதே என்று பெருமூச்சு விட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தேன்.

கடக்.

அத்தனை தரம் பார்த்தும் ஒன்று தப்பியிருந்தது. கடைவாய்ப் பல்லின் ஒரு துகள் உடைந்ததையும் உணர்ந்தேன். எதிரே ஐரிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது நான் அதைத் துப்பினால் அவன் இன்றிரவு உறங்கமாட்டான். இனி வரப்போகும் மாதங்களில் ஆரணிக்குக் கொடுக்கிற ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி உருட்டிப் பார்ப்பான். ஆகவே குண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, "அருமை" என்றேன்.

"என்ன, பல்லு நோகுதோ?" என்றாள் நேசம்.

"பழைய பல்லுத்தானே" என்று எழுந்துபோய்க் கடதாசியில் துப்பிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

சாப்பிட்டதும் ஆரணி சோபாவில் சரிந்து நித்திரையாகிவிட்டாள். நேசம் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். போர்த்திய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பேசாத கிழமைகள்

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் எனக்குப் பெரும்பாடு. நேசத்தின் தொலைபேசி அடித்தால், நான் வாய் தவறி ஏதும் சொல்லிவிடுவேனோ என்று அறையை விட்டுப் போய்விடுவேன். இன்னொன்றும் கவனித்தேன். அவள் கதைக்கிற நேரம் குறைந்துகொண்டு வந்தது. அக்கா அழைத்தால்கூட, "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாள். மகள் தன்னிடம் மனம் விட்டுக் கதைப்பதில்லை என்ற கவலை அவளை அரிக்கிறது என்று நினைத்தேன். அவளுக்கு எட்டாத ஒன்றை நான் கைக்குள் பொத்தி வைத்திருப்பது எனக்கு முள்ளாகக் குத்தியது.

முதல் பனி விழுந்து, கரைந்து, திரும்ப விழுந்து நின்றது. ஒருநாள் காலையில் நேசம் றொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்க மா. ஸ்தவாங்கர் மச்சாள் அழைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுவிடும்படி நேசம் என்னிடம் சொன்னாள்.

சுற்றிவளைத்துவிட்டு மச்சாள் கேட்டாள்: "ஆரணிக்கு ஒரு விசேஷமும் இல்லையோ?"

"ஒண்டுமில்லை மச்சாள்" என்றாள் நேசம், மாவை உருட்டியபடி. "அவையள் ரெண்டு பேரும் இப்ப வேலையிலை மும்முரம். புதுசா வீடு பாக்கினம் போலை. அதெல்லாம் ஆறுதலா நடக்கட்டும்."

ஒரு தட்டுத்தடங்கல் இல்லை. நான் சொன்ன கோழிப் பொய்க்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவர்கள் வீடு பார்க்கவே இல்லை.

அழைப்பு முடிந்ததும் நான் அவளைப் பார்த்தேன். அவள் றொட்டியைப் பார்த்தாள்.

"நேசம், உனக்குத் தெரியுமே?"

"உங்களுக்குத் தெரியும் எண்டும் தெரியும்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. வாசலிலை நிண்டு சப்பாத்துக் கழட்டேக்கை, கறி மணத்துக்கு முகத்தைத் திருப்பினாள். ரெண்டு சட்டி வேறை. நீங்கள் பொய் சொன்ன வடிவு வேறை."

"ஏன் எனக்கும் சொல்லேல்லை?"

அவள் தட்டிய றொட்டியைக் கல்லில் போட்டாள். அதில் புள்ளி விழத் தொடங்கியது.

"அவள் எனக்குச் சொல்லேல்லையே. சொல்லாததை நான் எப்பிடி ஆருக்கும் சொல்லுறது?"

பிறகு, குரலை இன்னும் தாழ்த்தி, "இந்த முறை சொல்லாமலே விட்டாலும் பறவாயில்லை. தங்கினால் போதும்" என்றாள்.

மாக் கையோடு நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். றொட்டி கருகியது. இரண்டு பேரும் அந்தக் கருகிய றொட்டியைத்தான் சம்பலோடு சாப்பிட்டோம்.

கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள்

இதை எழுதும்போது பேத்தி அடுத்த அறையில் நித்திரை கொள்கிறாள். அவள் பிறந்தது இருட்டே இல்லாத ஒரு கோடைநாளில். ஆகவே முடிவை மறைத்து வைப்பதில் பொருளில்லை. ஆனால் எனக்கு அவள் பிறந்த நாளைவிட நன்றாக நினைவிருப்பது வேறொரு நாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னைய கிழமைகள். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களில் கடதாசி நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒருநாள் காலையில் ஆரணி சொல்லாமல் கொள்ளாமல் தனியே வந்தாள். தொப்பியில் பனி. கன்னத்தில் நல்ல நிறம்.

"அம்மா எங்கை?"

"உள்ளை உடுப்பு மடிக்கிறா."

என்னோடு நின்று கதைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி உதறிவிட்டு நேரே உள்ளே போனாள். நான் நடையில் நின்றேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. மகளின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

"மெய்யே?" என்றாள் நேசம்.

முதன்முதலாகக் கேட்பவளின் குரல் அது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்து வந்த அழுகையைக் கேட்டபோது அப்படி நினைக்க முடியவில்லை. தெரிந்திருப்பது வேறு, மகள் வந்து பக்கத்தில் இருந்து சொல்வது வேறு. அவள் இத்தனை நாள் காத்திருந்தது செய்திக்கு இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, பிள்ளை ஒண்டு சொல்லப் போறாள்."

போனேன். ஆரணி கைத்தொலைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். நானும் "மெய்யே?" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும் முன்னே எனக்கும் குரல் உடைந்தது.

ஐரிக் எனக்கும் அவனுக்கும் இடையில் நடந்ததை இதுவரைக்கும் ஆரணிக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆரணி தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்தக் கிழமை இதழ் அவள் கையில் கிடைத்தால், மெதுவாகத் தெரிந்துகொள்ளட்டும்.

நேசம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடித்த உடுப்புகளைத் திரும்ப மடிக்கத் தொடங்கினாள். ஆரணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரியம்மாவுக்குச் சொல்லப் போறேல்லையோ?"

"நீ சொல்லச் சொன்னால் சொல்லுறன். இல்லாட்டி இல்லை. எனக்கு ஒரு அவசரமும் இல்லை, பிள்ளை."

ஆரணி எழுந்துபோய்த் தாயின் தொலைபேசியை எடுத்துவந்தாள். தானே திருகோணமலை இலக்கத்தைத் தேடி அழுத்தினாள். மணி போகத் தொடங்கியதும் அதைத் தாயின் கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா."

அந்தப் பக்கம் அக்கா எடுத்துவிட்டாள். பின்னால் காகம் கரைவதும் யாரோ வாளியை இழுப்பதும் கேட்டன. "ஹலோ? நேசம்? என்னடி, இந்த நேரத்திலை?"

நேசம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்தபடி நின்றாள்.

"ஹலோ… ஹலோ… லைன் சரியில்லையோ?"

ஆரணி தாயின் தோளில் கன்னத்தை வைத்து, தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்குப் பெரியம்மா. அம்மா சொல்லுவா. கொஞ்சம் பொறுங்கோ."